எண்ணெய்ப் புட்டியும் இரத்தப் பரிசோதனைச் சீட்டும்

மருத்துவர் பதில்கள்

சென்ற இதழில் நீரிழிவைப் பற்றி எழுதியபோது, பரிசோதனைச் சீட்டில் சர்க்கரைக்குக் கீழே உள்ள கொலஸ்டிரால் வரிகளையும் படியுங்கள் என்று ஒரு வாக்கியத்தைச் சேர்த்திருந்தேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு வந்த கடிதங்களே இம்மாதப் பக்கங்களை முழுவதும் எடுத்துக்கொண்டன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். பெயர்களை விட்டு ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

கேள்வி: டாக்டர் ஐயா அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 52. சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இல்லை. ஆறு மாதத்துக்கு முன் மொத்தக் கொலஸ்டிரால் 6.6, எல்.டி.எல். 4.5, எச்.டி.எல். 1.2, டிரைகிளிசரைடு 2.0 என்று வந்தது. அன்றே வீட்டில் எண்ணெயை அறவே நிறுத்திவிட்டேன். காலையில் வெண்ணெய் தடவாத ரொட்டியும் ஜாமும், மதியம் வெள்ளைச் சோறும் கீரைச் சாறும், மாலையில் தேநீருடன் பிஸ்கட்டும் சாப்பிடுகிறேன். இப்போது எல்.டி.எல். 4.3 ஆகத்தான் இறங்கியிருக்கிறது, டிரைகிளிசரைடோ 2.7க்கு ஏறிவிட்டது. மதுரையில் இருக்கும் என் தங்கை தன்னுடைய கொலஸ்டிரால் 210 என்கிறாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. (வாசகி, ரோஸ் ஹில்)

பதில்: முதலில் தங்கையின் கணக்கைத் தீர்த்துவிடுவோம். நம் மொரிசியசில் ஒரு லிட்டர் இரத்தத்துக்கு இத்தனை மில்லிமோல் என்றும், இந்தியாவில் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்றும் எழுதுகிறார்கள். நம் எண்ணை 38.67ஆல் பெருக்கினால் அவர்களுடைய எண் கிடைக்கும். உங்களுடைய 6.6 என்பது அங்கே ஏறத்தாழ 255. தங்கையின் 210 இங்கே 5.4. டிரைகிளிசரைடுக்கு மட்டும் பெருக்கும் எண் வேறு, அதை 88.6 என்று வைத்துக்கொள்ளுங்கள். சீட்டில் எல்.டி.எல். என்பது இரத்தக் குழாய்ச் சுவரில் படியும் 'கெட்ட' கொலஸ்டிரால், எச்.டி.எல். என்பது 'நல்ல' கொலஸ்டிரால், டிரைகிளிசரைடு என்பது இரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பு.

இனி உங்கள் சமையலறைக்கு வருவோம். ஆறு மாதம் எண்ணெயில்லாமல் சமைத்த உங்கள் மன உறுதியைப் பாராட்டுகிறேன். ஆனால் அந்த உறுதி தவறான இடத்தில் செலவாகியிருக்கிறது. எண்ணெயை எடுத்த இடம் வெறுமையாக இருக்கவில்லை. வெள்ளை ரொட்டியும் ஜாமும் வெள்ளைச் சோறும் பிஸ்கட்டும் அங்கே வந்து அமர்ந்துகொண்டன. மாவுப் பொருளும் சர்க்கரையும் தேவைக்கு மேல் உள்ளே போகும்போது கல்லீரல் அவற்றைக் கொழுப்பாக மாற்றி டிரைகிளிசரைடாக இரத்தத்தில் அனுப்புகிறது. அதனால்தான் அந்த எண் ஏறியது. எல்.டி.எல். மிகுதியாக இறங்காததற்குக் காரணம், அதை இறக்கக்கூடிய நல்ல எண்ணெயையும் நீங்கள் சேர்த்தே தள்ளிவிட்டதுதான்.

இதற்கு வேறு நாட்டுச் சான்று தேட வேண்டியதில்லை. மருத்துவக் கல்லூரிகளில் உலகெங்கும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் சான்று நம் தீவிலேயே இருக்கிறது. 1987 வரை நம் கடைகளில் பங்கீட்டு எண்ணெயாகக் கிடைத்தது பெரும்பாலும் பனையெண்ணெய், அதாவது பாமாயில். அந்த ஆண்டு தொற்றா நோய்களைப் பற்றிய நாடளாவிய கணக்கெடுப்பு நடந்த பிறகு, அரசு அந்த எண்ணெயை முழுவதும் சோயா எண்ணெயாக மாற்றியது. மக்களிடம் எண்ணெயைக் குறைக்கச் சொல்லி மன்றாடுவதைவிட, புட்டிக்குள் இருப்பதை மாற்றிவிடுவது எளிது என்பது அந்த முடிவின் சூட்சுமம். 1992இல் மீண்டும் கணக்கெடுத்தபோது, 25 முதல் 74 வயது வரையுள்ளோரின் சராசரி மொத்தக் கொலஸ்டிரால் 5.5இலிருந்து 4.7ஆகக் குறைந்திருந்தது. ஒரு நாடு முழுவதுக்கும் ஐந்தே ஆண்டுகளில் இது மிகப் பெரிய இறக்கம். அதில் ஏறத்தாழப் பாதி எண்ணெய் மாற்றத்தாலேயே வந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அதே ஐந்து ஆண்டுகளில் உடல் பருமன் கூடியது, நீரிழிவு குறையவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எண்ணெய்ப் புட்டி தன் வேலையைச் செய்தது. ஆனால் இடுப்பைச் சுருக்குவது அதன் வேலை இல்லை.

பாமாயிலில் பாதியளவு நிறைவுற்ற கொழுப்பு. சோயா எண்ணெயில் அது நூற்றுக்கு 15 அளவுதான். நெய்யில் அறுபதுக்கு மேல். தேங்காய் எண்ணெயிலோ எண்பதுக்கும் மேல். தேங்காய் எண்ணெய் நம் முன்னோர் உணவாயிற்றே என்று எழுதியிருக்கும் மூன்று வாசகர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: முன்னோர் கரும்புத் தோட்டத்தில் விடியலிலிருந்து அந்தி வரை வெட்டினார்கள், அவர்களுக்கு எல்.டி.எல். பரிசோதனை யாரும் செய்து பார்க்கவில்லை. சட்னிக்குத் தேங்காய் துருவுவதை நான் தடுக்கவில்லை. தாளிக்கவும் பொரிக்கவும் அன்றாட எண்ணெயாக அதை வைத்துக்கொள்ளாதீர்கள். நிறைவுற்ற கொழுப்பு, கல்லீரல் இரத்தத்திலிருந்து எல்.டி.எல்லைப் பிடித்திழுக்கும் ஏற்பிகளைக் குறைத்துவிடுகிறது. சோயா, சூரியகாந்தி, நல்லெண்ணெய், கனோலா போன்றவற்றின் கொழுப்பு அந்த ஏற்பிகள் நன்றாக வேலை செய்ய இடம் கொடுக்கிறது.

ஆகவே எண்ணெயைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்று, நான்கு தேக்கரண்டி போதும். ஜாமும் பிஸ்கட்டும் போகட்டும். சோற்றில் பாதியைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, லாந்தி என்னும் மசூர்ப் பயறு, கொண்டைக்கடலை, பெரிய பயறு ஆகியவற்றை வையுங்கள். நம் சந்தையில் 'லாலோ' என்று விற்கும் வெண்டைக்காயும், 'ப்ரேன்ஜெல்' என்று விற்கும் கத்தரிக்காயும் எல்.டி.எல்லைக் குறைக்கும் வழவழப்பான நார் கொண்டவை. 2003இல் கனடாவில் நடந்த ஓர் ஆய்வில் இந்த இரண்டு காய்களோடு ஓட்ஸ், பார்லி, சோயா, பாதாம், தாவர ஸ்டெரால் (செடிகளில் உள்ள, கொலஸ்டிராலைப் போன்ற பொருள்) ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்தபோது, ஒரே மாதத்தில் எல்.டி.எல். நூற்றுக்கு 29 அளவு குறைந்தது. அது உணவு முழுவதையும் ஆய்வாளர்களே அளந்து கொடுத்த நிலை. அதே முறையை மக்களுக்குச் சொல்லிக்கொடுத்து வீட்டில் செய்யவிட்டபோது குறைவு 13 அளவில் நின்றது. நானும் உங்களுக்கு அந்த இரண்டாவது எண்ணைத்தான் வாக்களிப்பேன்.

டால் பூரியைப் பற்றித் தனியாக இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் பருப்பு நல்லது, மேலே இருக்கும் மைதா அவ்வளவு நல்லதில்லை, கல்லில் தடவும் எண்ணெய் கடைக்காரரின் கையைப் பொறுத்தது. வாரத்துக்கு ஒரு நாள் ஒரு சோடி சாப்பிடுவதால் யாருக்கும் மாரடைப்பு வந்ததில்லை. காத்தோ பிமா என்னும் மிளகாய் வடை வேறு வகை; அதுவும் பருப்புதான் என்றாலும் பல முறை காய்ந்த எண்ணெயில் மிதந்து வருவது.

உங்கள் வயதில் மாதவிலக்கு நிற்கும் காலத்தையொட்டி எல்.டி.எல். உயர்வது பெண்களுக்கு வழக்கம். தைராய்டு சுரப்பி மந்தமாக இருந்தாலும் உயரும். எனவே அடுத்த முறை இரத்தம் கொடுக்கும்போது டி.எஸ்.எச். பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். மூன்று மாதம் மேற்சொன்னபடி சாப்பிட்ட பிறகும் எல்.டி.எல். நான்கைத் தாண்டியே நின்றால், மாத்திரை வேண்டுமா என்பதை உங்கள் மருத்துவரோடு பேச வேண்டும்.

கேள்வி: வயது 61. ஓராண்டாக நாள் தவறாமல் காலையில் ஐம்பது நிமிடம் நடக்கிறேன். எல்.டி.எல். ஓர் இம்மியும் குறையவில்லை. நடப்பதை விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது. (வாசகர், காத்ர் போர்ன்)

பதில்: விட்டுவிடாதீர்கள் ஐயா. நடை உங்களை ஏமாற்றவில்லை. நடையிடம் நீங்கள் தவறான பொருளைக் கேட்டிருக்கிறீர்கள். உடற்பயிற்சியால் எல்.டி.எல். மிகச் சிறிதளவே அசையும். அது பெரிதாக இறக்குவது டிரைகிளிசரைடை. சிறிது ஏற்றுவது எச்.டி.எல்லை. நீங்கள் அனுப்பிய இரண்டு சீட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். டிரைகிளிசரைடு 2.4இலிருந்து 1.6க்கு வந்திருக்கிறது. அந்த வரியை நீங்கள் கடிதத்தில் குறிப்பிடவே இல்லை.

தசைகள் வேலை செய்யும்போது இரத்தக் குழாய்களின் சுவரில் இருக்கும் ஒரு நொதி, டிரைகிளிசரைடை உடைத்துத் தசைக்கு எரிபொருளாகக் கொடுக்கிறது. ஒரு நாள் நடையின் விளைவு மறுநாள் வரை, மிஞ்சினால் அதற்கடுத்த நாள் வரை நீடிக்கும். ஆகையால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் கடற்கரையில் மூன்று மணி நேரம் நடப்பதைவிட, நாள்தோறும் அரை மணி நேரம் வேகமாக நடப்பதே பயன் தரும். உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிடம். நீங்கள் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் நடக்கிறீர்கள். நேரத்தைக் கூட்ட வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் நடைக்குப் பதிலாகத் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியைச் சேருங்கள். கோர் த கார்த் மலைச் சரிவில் இருக்கும் முருகன் கோயிலின் படிகளும் அதற்கு ஒரு வழிதான். ஏறும்போது மார்பு அழுத்தியதுபோல் இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விட வேண்டும். இடுப்புச் சுற்றளவையும் அளந்து பாருங்கள். நம் இனத்து ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு குறைந்தாலே டிரைகிளிசரைடு மேலும் கணிசமாக இறங்கும்.

எல்.டி.எல்லுக்கு எண்ணெயையும் நாரையும் பற்றி மேலே சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. கொலஸ்டிராலைக் குறைக்க மருத்துவமனையில் கொடுத்த ஸ்டேட்டின் மாத்திரையால் கால் வலித்ததால் நிறுத்திவிட்டேன். பிரான்சில் இருக்கும் மகன், மீனெண்ணெய் மாத்திரை, பூண்டு மாத்திரை, சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரை மூன்றையும் அனுப்பியிருக்கிறான். இவை இயற்கையானவை என்பதால் பக்க விளைவு இருக்காது என்கிறான். சரிதானா? (வாசகி, பம்பிள்மூஸ்)

பதில்: அன்புள்ள ஆசிரியை அம்மா, மகனுடைய அன்பில் குறையில்லை. ஆனால் அவர் அனுப்பிய பெட்டியில் நீங்கள் நிறுத்திய மருந்தே வேறு பெயரில் வந்திருக்கிறது.

சிவப்பு ஈஸ்ட் அரிசி என்பது அரிசியில் ஒரு வகைப் பூஞ்சையை வளர்த்துச் செய்வது. சீனச் சமையலில் நிறத்துக்காகப் பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. கொலஸ்டிராலைக் குறைக்கும் அதன் சத்து மோனகோலின் கே. ஸ்டேட்டின் மருந்துகளின் தந்தை எனப்படும் ஜப்பானிய அறிவியலாளர் அகிரா எண்டோ, 1970களில் பூஞ்சைகளில் தேடித் தேடிப் பிரித்தெடுத்த பொருள்களில் அதுவும் ஒன்று. அதே மூலக்கூற்றுக்கு மருந்துக் கடைப் பெயர் லோவாஸ்டேட்டின். அமெரிக்காவில் அது மாத்திரையாக அனுமதி பெற்றதும், நம் தீவின் எண்ணெய் மாறியதும் ஒரே 1987இல்தான் என்பதை இடையில் சொல்லி வைக்கிறேன்.

ஆகவே அந்த மாத்திரை வேலை செய்தால் அது ஸ்டேட்டினாகவே வேலை செய்கிறது. தசை வலி வருவதாக இருந்தால் அதனாலும் வரும். கூடுதல் தொல்லை என்னவென்றால், ஒரு புட்டியில் எவ்வளவு மோனகோலின் இருக்கிறது என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். சிறுநீரகத்தைக் கெடுக்கும் சிட்ரினின் என்ற பூஞ்சை நஞ்சு சிலவற்றில் கலந்திருப்பதும் உண்டு. இதையெல்லாம் பார்த்த ஐரோப்பிய ஒன்றியம், நாளொன்றுக்கு 3 மில்லிகிராமுக்குக் குறைவான மோனகோலினே இருக்கலாம் என்று 2022இல் வரம்பு கட்டியது. எது எவ்வளவு என்று அளந்து கொடுக்கும் மருந்தை விட்டுவிட்டு, அளவு தெரியாத அதே மருந்தைக் காசு கொடுத்து வாங்குவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

மீனெண்ணெய் எல்.டி.எல்லைக் குறைக்காது, சிலருக்குச் சிறிது கூட்டவும் செய்யும். டிரைகிளிசரைடைக் குறைக்க மீனெண்ணெயில் உள்ள ஒமேகா 3 என்ற கொழுப்பு நாளொன்றுக்கு 2 முதல் 4 கிராம் வேண்டும். 1000 மில்லிகிராம் என்று அச்சிட்ட சாதாரண மாத்திரையில் அது 300 மில்லிகிராம்தான் இருக்கும். அந்தக் கணக்கில் ஒரு கைப்பிடி மாத்திரை விழுங்க வேண்டும்; அந்த அளவில் சிலருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடும் அபாயமும் உண்டு. வாரத்துக்கு இரண்டு முறை மீன் சமைப்பவர்களுக்கு இந்தச் செலவு தேவையில்லை. பூண்டைக் குழம்பில் போடுங்கள்.

2022இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், மீனெண்ணெய், பட்டை, பூண்டு, மஞ்சள், தாவர ஸ்டெரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி என்று கடையில் விற்கும் ஆறு துணை உணவுகளை, குறைந்த அளவு ரோசுவாஸ்டேட்டின் என்ற ஸ்டேட்டினோடும் மருந்தில்லாத வெற்று மாத்திரையோடும் 28 நாள் ஒப்பிட்டார்கள். ஸ்டேட்டின் எல்.டி.எல்லை நூற்றுக்கு 38 அளவு குறைத்தது. அந்த ஆறில் ஒன்றுகூட வெற்று மாத்திரையைவிடக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. தாவர ஸ்டெராலை நாளுக்கு 2 கிராம் உணவோடு சேர்த்துக்கொண்ட வேறு பல ஆய்வுகளில் நூற்றுக்கு 8 முதல் 10 வரை குறைவு கிடைத்திருக்கிறது என்பதால் அதை மட்டும் நான் முழுக்க ஒதுக்குவதில்லை. இந்த வகையில் எனக்கு நம்பிக்கை உள்ள இன்னொன்று இசப்கோல் உமி. நாளுக்கு 10 கிராம், நிறையத் தண்ணீரோடு. மற்ற மாத்திரைகளுக்கும் அதற்கும் இடையே இரண்டு மணி நேரம் இருக்க வேண்டும். விலை குறைவு, மலச்சிக்கலும் தீரும், எல்.டி.எல்லும் சிறிது இறங்கும்.

கால் வலியை நான் தள்ளிவிடவில்லை. வலி உண்மையானது, காரணம் எது என்பதே கேள்வி. 2020இல் இங்கிலாந்தில், பக்க விளைவால் ஸ்டேட்டினை நிறுத்திய 60 பேருக்கு, சில மாதங்களில் ஸ்டேட்டினும், சில மாதங்களில் அதே போன்ற வெற்று மாத்திரையும், சில மாதங்களில் எதுவுமே இல்லாமலும் கொடுத்து, நாள்தோறும் உபாதையைக் குறித்துவரச் சொன்னார்கள். ஸ்டேட்டின் மாதங்களில் இருந்த உபாதையில் பத்தில் ஒன்பது பங்கு வெற்று மாத்திரை மாதங்களிலும் இருந்தது. பங்கேற்றவர்களில் பாதிப் பேர் இதைக் கண்டபின் மருந்துக்குத் திரும்பினார்கள். நீங்களும் மருத்துவரிடம் சென்று சி.கே. என்ற தசை நொதியைப் பார்த்து, வேறு ஸ்டேட்டினைக் குறைந்த அளவில் தொடங்கலாமா என்று கேளுங்கள். ஸ்டேட்டின் உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு எசெட்டிமைப் போன்ற வேறு மருந்துகளும் இருக்கின்றன.

உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. அந்தப் பெயருக்குரிய பழத்தை நாம் தமிழில் பம்பளிமாஸ் என்கிறோம். அதிலும் அதன் உறவான கிரேப் ஃபுரூட்டிலும் உள்ள ஒரு பொருள், சிம்வாஸ்டேட்டினையும் அட்டோர்வாஸ்டேட்டினையும் குடலில் உடைக்கும் நொதியை முடக்கி, மருந்தின் அளவை இரத்தத்தில் கூட்டிவிடும். அந்த மாத்திரைகளைச் சாப்பிடுபவர்கள் கிரேப் ஃபுரூட்டைத் தவிர்க்க வேண்டும். பம்பளிமாசையும் தவிர்ப்பதே பாதுகாப்பு. ரோசுவாஸ்டேட்டினுக்கும் பிரவாஸ்டேட்டினுக்கும் இந்தத் தடை இல்லை.

கேள்வி: முட்டையின் மஞ்சள் கரு கூடுமா, கூடாதா? (வாசகர், கியூர்பிப்)

பதில்: கூடும். ஒரு மஞ்சள் கருவில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் கொலஸ்டிரால் இருந்தாலும், பெரும்பாலோருக்கு உணவுக் கொலஸ்டிராலைவிட நிறைவுற்ற கொழுப்பே எல்.டி.எல்லை மிகுதியாக ஏற்றுகிறது. நாளுக்கு ஒன்று போதும். நீரிழிவு உள்ளவர்கள் வாரத்துக்கு மூன்று, நான்கோடு நிறுத்திக்கொள்ளட்டும். அதை எதில் பொரிக்கிறீர்கள் என்பதுதான் எனக்கு முட்டையைவிட முக்கியம்.

கேள்வி: தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம் இருந்து, முடிந்த மறுநாள் பரிசோதித்தேன். எல்லா எண்களும் நன்றாகக் குறைந்திருந்தன. மாத்திரையை நிறுத்தலாமா? (வாசகர், போர்ட் லூயி)

பதில்: நிறுத்தாதீர்கள். விரத காலத்தில் இறைச்சியும் மதுவும் போய், காய்கறியும் பருப்பும் வந்து, எடையும் சற்று இறங்கியிருக்கும். டிரைகிளிசரைடு சில நாளிலேயே விழும், எல்.டி.எல்லும் இறங்கத் தொடங்கும். ஆனால் அந்த எண்ணில் மாத்திரைக்கும் பங்கு இருக்கிறது. உணவு மாற்றத்தின் முழு விளைவு தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் வாழை இலையில் ஏழு கறி பரிமாறிய நாளும் அதற்குப் பின் வந்த நாள்களும் கடந்துவிடுகின்றன. விரதத்தில் சாப்பிட்டதையே வாரத்தில் நான்கு நாள் சாப்பிட்டு, சித்திரையில் மறுபடி பரிசோதியுங்கள். அந்தச் சீட்டைக் காட்டி அளவைக் குறைக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்பது முறை.

கேள்வி: வயது 34. ஒல்லியான உடல், புகையில்லை, பந்து விளையாடுகிறேன். எல்.டி.எல். 6.1. அப்பா 44 வயதில் மாரடைப்பால் இறந்தார். உணவைக் கட்டுப்படுத்தினால் போதும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். (வாசகர், திரியோலே)

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை மட்டும் அச்சுக்குக் காத்திருக்காமல் தனியாகப் பதில் எழுதி அனுப்பிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கே மீண்டும் சொல்கிறேன். எல்.டி.எல். 4.9ஐத் தாண்டி, குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பும் இருந்தால், அது பரம்பரையாக வரும் மிகைக் கொலஸ்டிராலாக இருக்கக்கூடும். கல்லீரலின் ஏற்பி மரபணுவிலேயே பழுதாகி வருவது இது. உலகில் ஏறத்தாழ 250 முதல் 300 பேருக்கு ஒருவரிடம் காணப்படுகிறது. பிறந்த நாள் முதல் இரத்தக் குழாயில் எல்.டி.எல். படிந்துகொண்டே இருப்பதால், 34 வயது உடம்பில் இரத்தக் குழாய்கள் அதைவிட மூத்திருக்கும். குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணில் தடிப்பும், கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையமும் சிலரிடம் தெரியும், தெரியாமலும் இருக்கலாம்.

உணவால் இந்த எண்ணில் நூற்றுக்குப் பத்து, பதினைந்து பங்கு குறையலாம்; உங்களுக்குப் பாதிக்கு மேல் குறைய வேண்டும். ஆகவே மாத்திரை இல்லாமல் இது முடியாது, பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட மாத்திரைகள் தேவைப்படும். இதய நோய் மருத்துவரை இந்த வாரமே பாருங்கள். அதுவரை பந்து விளையாட வேண்டாம். இந்தக் குறை பெற்றோரில் ஒருவரிடமிருந்து பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. உங்கள் தங்கைக்கும் அண்ணனுக்கும் உடனே பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். உங்களுக்கு இருப்பது உறுதியானால், பள்ளிக்குப் போகும் உங்கள் மகளுக்கும் பத்து வயதுக்குள் ஒரு முறை இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும்.